தோற்றவர்கள் போகும் இடம்

அத்தியாயம் 17

சேவலின் கொண்டை கிழிந்திருந்தது.

கூட்டுக் கதவைத் திறந்த சந்திரகாந்தா தன் கண்ணையே நம்பவில்லை. நேற்று மாலை அவள் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் புறப்பட்டபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற சேவல், இப்போது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. கொண்டையின் முன்பக்கம் பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. இடது கண் மூடியிருந்தது. கழுத்தில் ஒரு பிடி இறகைக் காணோம்.



வேறு சேவலாக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது நேர்ந்துவிட்ட சேவல். நாளைக் காலை இரத்தோட்டை பஸ்ஸில் அவளோடு ஏறிப் போய், அவள் பிறந்த தோட்டத்து முனியாண்டியின் முன்னால் நிற்க வேண்டியது. காயம் பட்டதை முனியாண்டி தொடமாட்டார். நகம் உடைந்திருந்தாலே பூசாரி திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்குப் போய் வேறொன்றை வாங்கிக்கொண்டு போகவும் வழியில்லை. திருநீறு போட்டு, ஆளின் பெயரைச் சொல்லி நேர்ந்தது இந்த ஒன்றைத்தான்.

யாருடைய பெயர் என்பது இந்தக் குடும்பத்தோடு பழகி வருகிற உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. சந்திரகாந்தாவின் தம்பி முத்துவீரன், அவளுடைய கணவர் செல்லச்சாமி ஓட்டும் மரக்கறி லொறியில் கிளீனராக இருந்தவன். இந்த 2007ஆம் வருடத்தில், தமிழ்ப் பெயரும் தோட்டத்து விலாசமும் போட்ட அடையாள அட்டையோடு தம்புள்ளை வீதியில் போய் வருவது லேசான காரியமா? ஒரு நாள் சோதனைச் சாவடியில் லொறியை மறித்தார்கள். செல்லச்சாமியைப் போகச் சொன்னார்கள். முத்துவீரனை வைத்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில்தான் சந்திரகாந்தா, "என் தம்பி வீடு வந்து சேரட்டும், இதை ஒனக்குத் தந்துர்றேன்" என்று முனியாண்டியிடம் வாய் விட்டாள். தம்பி வந்தான். செல்லச்சாமி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார்.

தம்பி வந்துவிட்டான், சொன்ன சொல் நிற்கிறது. அதை நிறைவேற்றாவிட்டால் கொடுத்த சாமியே திருப்பி எடுத்துக்கொள்ளும் என்பது சந்திரகாந்தாவின் பயம். சிரிக்காதீர்கள். ஒரு தடவை பறிகொடுத்துப் பார்த்தவளுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

அவள் சேவலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். வலது காலில் கயிறு இறுக்கிய தடம் சிவந்திருந்தது. கூட்டுக் கதவோ வெளியிலிருந்து கொக்கி போட்டிருந்தது. பூனை வந்து கடித்திருந்தால் கொக்கியைப் போட்டுவிட்டா போகும்? யாரோ சேவலை எடுத்திருக்கிறார்கள். காலில் கயிறு கட்டிச் சண்டைக்கு விட்டிருக்கிறார்கள். திரும்பக் கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். இது வீட்டு ஆளின் வேலை.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. கொண்டைக் காயத்தில் மஞ்சள். காய்ந்த மஞ்சள் கூட இல்லை, ஈரமாக இருந்தது.

அடுப்படியில் நிரோஷினி பாணைப் பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள், ஆறாம் ஆண்டு படிக்கிறாள்.

"கையைக் காட்டு."

"என்னாம்மா?"

"காட்டுன்னா காட்டு."

விரல் நுனியெல்லாம் மஞ்சள்.

"சேவலுக்கு மஞ்ச வச்சது நீதானா?"

"ஆமா. காயமா இருந்திச்சி."

"காயம் பட்டது ஒனக்கு எப்படித் தெரியும்? நானே இப்பதான் கூட்டைத் தொறந்தேன்."

நிரோ பாணைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். அம்மாவைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள்.

 சந்திரகாந்தா நேராக அறைக்குள் போய் மகளின் தலையணையைத் தூக்கினாள். அவள் நினைத்தது அங்கேயே இருந்தது. உள்ளங்கையளவு கேம் பெட்டி. பக்கத்து வீட்டு றமீஸாவின் கணவர் முத்தலிப் கட்டாரிலிருந்து மகனுக்கு அனுப்பியது. அந்தப் பையனுக்குச் சலித்துப்போய், இப்போது இங்கே குடித்தனம் நடத்துகிறது.

அதற்குள் சின்னச் சின்ன ஜந்துகள் முட்டையிலிருந்து பொரித்து வரும். பெயர் வைக்கலாம், சாப்பாடு கொடுக்கலாம், குளிப்பாட்டலாம். வளர்ந்ததும் மைதானத்துக்குக் கூட்டிப் போய் வேறொன்றோடு சண்டைக்கு விட வேண்டும். சீருடை தைக்கும் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சந்திரகாந்தா கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தச் சத்தத்தைத்தான். 'விடாத! கடி! இன்னொன்னு போடு!' பெண் பிள்ளையின் வாயில் வருகிற வார்த்தையா அது? பெட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

"இதுல பழகிட்டு அதுல செஞ்சி பாத்தியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"பெறகு யாரு?"

நிரோ தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தினாள்.

"இந்தச் சனியன் வீட்டுக்குள்ள வந்தப்பவே நெனச்சேன்."

"அம்மா, கேம்ல யாரும் சாக மாட்டாங்க. மயங்கித்தான் விழும். கூட்டிட்டுப் போயி மருந்து குடுத்தா எழும்பிரும்."

"அடி வாங்குறது யாரு? நீயா?"

"என் கீரி."

"அதுக்குத் தீனி போட்டு வளக்குறது?"

"நான்தான்."

"ஒன்னை நம்பி வளர்ற ஜீவனை அடிபட விட்டுட்டு, நீ பாயில படுத்துக்கிட்டுப் பட்டனை அமுக்குறே. இதுல என்ன நியாயம் இருக்கு?"

"அதுக்குச் சண்டை போடப் புடிக்கும்மா. எழுத்துல வரும், ஒங்களுக்காக எதையும் செய்வேன்னு."

"எழுதுனது கீரியா? கேம் செஞ்சவன் எழுதி வச்சிருக்கான். நீ அதுகிட்டக் கேட்டியா, சண்டைக்குப் போறியான்னு?"

நிரோ இதை உண்மையாகவே யோசித்தாள். பாண் துண்டு தேத்தண்ணியில் கரைந்து விழுந்தது. பிறகு நிமிர்ந்து, கொஞ்சமும் வாய்க்கொழுப்பு இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

"நீங்க சேவல்கிட்டக் கேட்டீங்களாம்மா?"

அறை விழுந்தது. கன்னத்தில் விழுந்த சத்தம் சந்திரகாந்தாவையே திடுக்கிட வைத்தது. நிரோ அழவில்லை. எழுந்து பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சேவலுக்கு எதிரி வேண்டுமே, அது எங்கே? சுற்றுவட்டாரத்தில் இன்னொரு சேவல் றமீஸா வீட்டு வெள்ளைதான். சந்திரகாந்தா வேலியோரம் போவதற்கு முன்பே றமீஸா அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவள் முகமும் சரியில்லை.

"என்ட சேவல் தண்ணித் தாங்கிக்குக் கீழ குந்திக்கிட்டு ஈக்குது. தீனி போட்டாலும் வருதில்ல. ஒங்கட சேவல் இஞ்சால வந்திச்சா?"

"தானா எப்படி வரும்? கூட்டுலதான் அடைச்சிருந்தேன்."

"அந்தக் கேமைக் குடுத்தது என்ட பிழைதான். என்ட மகனும் அதை வெளாடத் தொடங்கின பொறகு பூனைக்கு ஒதைக்கத் தொடங்கினான். அதாலதான் வீட்டுல வச்சுக்கொள்ளப் பயந்தேன்."

வைத்துக்கொள்ளப் பயந்ததை அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று கேட்க சந்திரகாந்தாவுக்கு நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"என் மகதான்னு சொல்றீங்களா?"

றமீஸா தயங்கினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லக்கூடாதுதான். நேத்து மஃரிபுத் தொழுகைக்கு ஒளு எடுக்க, கை கால் கழுவ வெளிய வந்தேன். ஒங்கட தம்பி இந்த வேலியடியில நிண்டாரு. கையில கயிறு ஈந்திச்சி. என்னைக் கண்டதும் அங்கால திரும்பிக்கிட்டாரு."

சந்திரகாந்தா திரும்பி நடந்தாள். கால் நடந்தது, மனம் வேறெங்கோ நின்றது.

முத்துவீரனா?

அவன் இப்போது லொறியில் போவதில்லை. டவுனில் ஒரு மிளகுக் கடையில் மூட்டை ஏற்றுகிறான். வீட்டில் அவன் குரலைக் கேட்டே நாளாகிறது. கேட்டால் தலையாட்டுவான். சாப்பிடும்போது யாராவது பின்னால் நடந்தால் கை நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சில காவாலிகள் சேவல் பந்தயம் விடுவதாக ஊரில் பேச்சு. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டானா? வீட்டில் பேசாதவன் வெளியில் யாரோடு பேசுகிறான்? சந்தேகம் என்று வந்துவிட்டால் அது ஒரு இடத்தில் உட்காருகிறதா! கூட்டுக்குப் பக்கத்தில் மண்ணில் கிடந்த ஆரஞ்சு நிறக் கயிற்றுத் துண்டு ஒன்றை அவள் எடுத்தாள். வெங்காய மூட்டை கட்டுகிற நைலோன். அப்படியானால் லொறியிலிருந்து வந்தது. லொறியை ஓட்டுவது செல்லச்சாமி. ஒரு நிமிஷம் கணவர் மேலேயே சந்தேகம் போனது. தன்னை நினைத்தே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

கேம் பெட்டியை அவள் உடைக்கத்தான் எடுத்தாள்.

அம்மிக் குழவியைத் தூக்கும் முன் கை எங்கோ பட்டு அது உயிர் பெற்றுவிட்டது. பாட்டு வந்தது. வால் நுனியில் நெருப்பு எரிகிற ஒரு கீரிக்குட்டி திரையில் துள்ளியது. எதிரே கொம்பு முளைத்த ஒரு தவளை. சந்திரகாந்தா ஒரு பட்டனை அமுக்கினாள். கீரி பாய்ந்தது, தவளை ஆடியது. அதன் தலைக்கு மேல் இருந்த பச்சைக் கோடு கொஞ்சம் குறைந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும்.

"இன்னொன்னு போடு."

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது. தவளை மல்லாந்து விழுந்தது. மேளம் அடித்தது. கீரி குதித்தது. காலையிலிருந்து இறுகிக் கிடந்த நெஞ்சு இளகியது, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

"அதை நிப்பாட்டுக்கா."

வாசலில் முத்துவீரன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்திருந்தான். மிளகுத் தூசி படிந்த முகம் வெளிறிப்போயிருந்தது.

"நிப்பாட்டுக்கா. அந்தப் பாட்டு வேணாம்."

அவள் நிறுத்தினாள். அப்போதுதான் அவன் வலது கையைப் பார்த்தாள். சுட்டு விரலில் ஆழமாக ஒரு கோடு அறுந்திருந்தது.

"கையில என்னடா?"

"ஒன்னுமில்ல. மூட்டைக் கயிறு."

"மிளகு சாக்குக்குச் சணல் கயிறுதானே போடுவாங்க? இது வெங்காய மூட்டைக் கயிறு." அவள் ஆரஞ்சுத் துண்டை அவன் முன்னால் போட்டாள். "இதே தடம் சேவல் காலுலயும் இருக்கு. பந்தயமாடா? நான் ஒனக்காக நேர்ந்து விட்டதை, நீ கொண்டு போயிப் பந்தயத்துல விட்டியா?"

"பந்தயமில்லக்கா."

"பெறகு?"

அவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் போகவில்லை.

"அங்க எனக்கு ஒரு பேர் வச்சிருந்தாங்க."

"எங்க?"

"வச்சிருந்த எடத்துல. குக்குளான்னு."

சந்திரகாந்தாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். குக்குளா என்றால் சேவல்.

"எல்லாருக்கும் ஒரு பேர் உண்டு. அவங்களுக்குப் பொழுது போகாட்டி ரெண்டு பேரை நடுவுல விடுவாங்க. அடிச்சிக்கணும். அடிக்காட்டி ரெண்டு பேருக்கும் விழும். ஜெயிச்சவன் வெளியில போயி வெயில்ல குந்தி ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்."

"எல்லாருமாடா இப்படி?"

"எல்லாரும் இல்ல. போதும் விடுங்கன்னு தடுக்கிறவர் ஒருத்தரும் இருந்தாரு. அன்னைக்கு அவரு லீவு."

மெஷின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை சந்திரகாந்தா சும்மா மடித்தாள், விரித்தாள். கேட்கவும் வேண்டும், கேட்காமலும் இருக்க வேண்டும் போலிருந்தது.

"அழகையான்னு ஒரு பையன். கலேவெல சந்தையில மூட்டை தூக்குறவன். எனக்குப் பக்கத்துலதான் படுப்பான். அன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் விட்டாங்க. சும்மா பாவனைக்கு அடிச்சிக்கிருவோம்னு பேசி வச்சிருந்தோம். கண்டு புடிச்சிட்டாங்க. பெறகு நெசமா அடிக்க வேண்டியதாப் போச்சி."

"ஒன் மேல என்னடா தப்பு? அடிக்காட்டி ஒன்னைக் கொன்னுருப்பாங்க."

"கேளுக்கா. அவன் குந்திட்டான். ரெண்டு கையையும் தலை மேல வச்சிக்கிட்டுக் குந்திட்டான். அவங்களும் சிரிச்சிட்டு எந்திரிச்சிட்டாங்க. முடிஞ்சி போச்சி. யாரும் ஒன்னும் சொல்லல. நான்தான் இன்னும் அடிச்சேன்."

அவன் தன் கையைப் பார்த்தான்.

"மொதல்ல அடிச்சதுக்கு நீ சொல்றது சரி. பெறகு அடிச்சதுக்கு என்ன சொல்றது? அவனுக்கு ஒரு காது இப்ப கேக்காது."

அவன் தோளில் வைக்க நீட்டியிருந்த கையை சந்திரகாந்தா இழுத்துக்கொண்டாள். அவள் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. இவனுக்காகவா நான் கோயில் கோயிலாக மண்டியிட்டேன் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அந்தக் கணத்துக்காக அவள் பிறகு நெடுநாள் தன்னை நொந்துகொண்டாள். முத்துவீரன் அந்தக் கை பின்வாங்கியதைப் பார்த்தான். 

"சேவலை ஏன்டா விட்டே?"

"எனக்காக அது சாகப் போகுதுன்னு தெனம் பாத்துக்கிட்டே இருந்தேன். அது எனக்கு என்ன கடன்பட்டிருக்கு? நேத்து நீ கோயிலுக்குப் போனப்ப ஒன்னு தோணிச்சி. சண்டைன்னு வந்துட்டா எல்லாமே கண்ணு மண்ணு தெரியாமப் போயிருமா, இல்ல நான் மட்டுந்தான் அப்படியான்னு பாக்கணும் போல இருந்திச்சி. காலுல கயிறைக் கட்டி நுனியைக் கையில சுத்திக்கிட்டேன். எல்லை மீறுனா இழுத்துருவோம்னு."

"பெறகு?"

"மொதப் பாய்ச்சல்ல கயிறு கையை அறுத்துருச்சி. ரெண்டும் கொத்திக்கிச்சி. றமீஸாக்கா சேவல் கடைசியில தலையைத் தரையில வச்சிச்சி." அவன் விரல் காயத்தைத் தடவினான். "நம்மது நின்னுருச்சிக்கா. நான் இழுக்கவேயில்ல, கயிறு தளந்துதான் கெடந்திச்சி. அது தானா நின்னுருச்சி. நான் நிக்கல."

அவன் அழுதான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் அழுது அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கையை வைத்தாள், எடுக்கவில்லை.

"அந்தப் பையன் இப்ப எங்க?"

"அங்கதான். நான் வெளியில வர்ற அன்னைக்குக் கிட்ட வந்தான். காறித் துப்பப் போறான்னு நெனச்சேன். 'எங்கம்மாகிட்ட நான் இருக்கேன்னு மட்டும் சொல்லிரு'ன்னான். அவங்கம்மா பேரு ராசம்மா. சந்தையில கீரைக்கட்டு விக்குதாம். எல்லா முகாம் வாசல்லயும் போயி நின்னு பாத்துருச்சின்னு, பெறகு புடிபட்டு வந்த ஊர்க்காரன் ஒருத்தன் அவன்கிட்டச் சொன்னானாம். அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

"நீ போயிச் சொன்னியா?"

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போக? மச்சானும் சொல்லியிருக்காரே."

ஆமாம், செல்லச்சாமி சொல்லியிருக்கிறார். தம்பியைக் கூட்டி வந்த அன்றே, வாசற்படியைத் தாண்டும் முன் சொன்னார். அங்கே பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை வெளியில் போகக் கூடாது. போனால் அவனையும் தூக்குவார்கள், கையெழுத்துப் போட்ட தன்னையும் தூக்குவார்கள். தினமும் அதே சாவடியைத் தாண்டி லொறி ஓட்டுகிறவர் பயப்படுவதில் என்ன தப்பு? ராசம்மா சும்மா இருப்பாளா? மகன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் அந்த வாசலில் போய்க் கத்துவாள். யார் சொன்னது என்று கேட்பார்கள். கேட்டால் விரல் நீளுவது இந்த வீட்டை நோக்கித்தான்.

சொல்லாவிட்டால் தம்பி வீட்டில் இருப்பான். சந்திரகாந்தா வேண்டிக்கொண்டதும் அதைத்தானே?

பின்வாசல் படியில் நிரோ இன்னும் உட்கார்ந்திருந்தாள். மடியில் சேவல் இருந்தது. சந்திரகாந்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகளின் கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

"நேத்தே பாத்துட்டியா?"

"ம். மாமா அழுதுக்கிட்டே கூட்டைப் பூட்டுனாரு. சொன்னா நீங்க ஏசுவீங்க."

"அதான் ஒன் மேல பழி வந்தும் பேசாம இருந்தியா?"

நிரோ தோளைக் குலுக்கினாள். சந்திரகாந்தா கேம் பெட்டியை அவள் பக்கத்தில் வைத்தாள். நிரோ அதைத் தொடவில்லை.

"ஒன்னு கேக்குறேன் சொல்லு. ஒன் கேம்ல தோத்துப் போறது பெறகு எங்க போகும்?"

"என்னோடதுன்னா நான் மருந்துக்குக் கூட்டிட்டுப் போவேன்."

"எதிர்ல நின்னது?"

நிரோ வாயைத் திறந்தாள், மூடினாள். இதை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தெரியாதும்மா. ஜெயிச்சவொடனே பாட்டு வரும். அடுத்த எடம் வந்துரும். அது எங்க போச்சின்னு காட்ட மாட்டாங்க."

"தேடிப் பாக்க முடியாதா?"

"திரும்பிப் போகலாம். ஆனா அங்க வெறும் புல்லுதான் இருக்கும்."

 கலேவெலையிலிருந்து பஸ் ஏறி, வாசல் வாசலாகக் கேட்டு, 'இல்லை' என்ற பதிலோடு மறுபடி பஸ் ஏறும் ஒருத்தியை சந்திரகாந்தா நினைத்துக்கொண்டிருந்தாள். சில மாதங்களுக்கு முன் அப்படித்தான் அவளும் அலைந்தாள். அன்றைக்கு யாராவது ஒருவர் வந்து 'இருக்கான்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள்.

அவள் எழுந்து உள்ளே தம்பியிடம் போனாள்.

"நாளைக்கு நான் கலேவெலைக்குப் போறேன். நீ வர வேணாம். கீரை வாங்குற பொம்பளையை யாரும் நிறுத்திக் கேள்வி கேக்க மாட்டாங்க. அவ காதுல மட்டும் சொல்லிட்டு வந்துருவேன். கத்த வேணாம்னு கையைப் புடிச்சிக் கேட்டுக்குவேன்."

"மச்சானுக்கு?"

"அவர்கிட்ட இரத்தோட்டைக்குத்தான் போறேன்னு சொல்லுவேன்."

கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் சொல்லப்போகும் முதல் பெரிய பொய். 

விளக்கேற்றும் நேரத்துக்கு லொறி வந்தது. செல்லச்சாமி கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முத்துவீரனும் உட்கார்ந்தான். சந்திரகாந்தா இருவருக்கும் சோறு போட்டாள். சேவலுக்கு நடந்ததை, றமீஸா வீட்டுச் சேவலோடு சண்டை பிடித்துவிட்டது என்ற அளவோடு சொன்னாள். யாரைப் பற்றியும் சொல்லவில்லை.

"அடடா. அப்ப நாளைக்குப் பயணம் இல்லையா?"

"இல்ல, போறேன். நான் மட்டும்."

அவர் கை நின்றது. "சேவல் இல்லாம எதுக்குப் போறே?"

 காலையிலிருந்து மகளை, பக்கத்து வீட்டுக்காரியை, தம்பியை, மனதுக்குள் இந்த மனிதரையே கூடக் கேள்வி கேட்டு நிறுத்தியவள், இப்போது ஒரு சின்னக் கேள்விக்கு முன்னால் ரசச் சட்டியைக் கலக்கிக்கொண்டு நின்றாள். செல்லச்சாமி அவளை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். இன்று பகல் முழுவதும் அவளும் அப்படித்தான் மற்றவர்களைப் பார்த்தாள்.

"சேவலுக்குக் காயம் பட்டுப்போச்சின்னு முனியாண்டிக்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்லப்பா" என்றாள் நிரோ. கண் கூட இமைக்கவில்லை. "நேர்ந்த ஆளே தனியாப் போயிக் கேக்கணுமாம். பூசாரி சொன்னாராம்."

காலையில் நியாயமாக ஒரு கேள்வி கேட்டு அறை வாங்கிய பிள்ளை, மாலையில் பொய் சொல்லித் தாயைக் காப்பாற்றுகிறது. சந்திரகாந்தாவுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சரளமாகப் பொய் சொல்ல இவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்ற பயமும் கூடவே வந்தது.

செல்லச்சாமி சிரித்தார். நல்ல மனிதர் அவர், அதுதான் சிக்கல்.

"தனியா எதுக்குப் போவணும்? மொதலாளிகிட்டச் சொல்லி நாளைக்கு லொறியை வச்சிக்கிட்டேன். எல்லாருமாப் போவோம். நாலு தேங்காயை ஒடச்சிட்டு வருவோம். ஏன், நான் வந்தா முனியாண்டி வேணாம்னா சொல்லப் போறாரு?"

"இல்லங்க... வாங்க" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? ராசம்மா இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரியாமலே இருப்பாள். அடுத்த ஞாயிறு வேறொரு காரணம் வரும். அதற்கடுத்த வாரம் சொல்லும் துணிச்சலே போய்விடும். அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

முத்துவீரன் பாதிச் சோற்றில் எழுந்தான். கையைக் கழுவினான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டி, மேல் பொத்தான் வரை போட்டான். அடையாள அட்டையைப் பையில் வைத்தான். பிறகு, அங்கிருந்து வந்த நாளிலிருந்து அக்காள் கணவரை நிமிர்ந்து பார்க்காதவன், இன்றைக்குப் பார்த்தான்.

"மச்சான், கலேவெலையில நான் ஒருத்தருக்கு ஒரு சொல்லுச் சொல்லணும். தம்புள்ளையில மாறித்தான் போகணும், அங்க போற கடைசி பஸ் போயிருச்சா?"

செல்லச்சாமி அவனைப் பார்க்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல், மெதுவாகத் திரும்பிச் சந்திரகாந்தாவைப் பார்த்தார்.